தும்மல்

சியாத்துராவில் மாங்கனீசுத் தூசி
லென்சுக்குள்ளும் இறங்கும்.
முப்பத்தொரு வருடம் துடைத்தேன்.

வேலைநிறுத்தத்தின் பதினேழாம் நாள்
சுரங்க வாயிலில் எடுத்த படம்
பெர்லினில் தொங்குகிறது
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.

ஜும்பேர் செத்த மறுநாள் சியாலா வந்தாள்.
கல்லில் பொறிக்க முகம் வேண்டுமாம்.
நல்லதாய் நாலைந்து எடுத்து வைத்தேன்,
நேர்ப்பார்வை, இறுகிய தாடை.
நான் கழித்த சுருளைத் துழாவி
கண் மூடிப்போன ஒன்றை உருவினாள்.
"தும்மப் போகிறார், பார்.
இதுதான் அவர்."

இப்போது குன்றின் மேல்
கறுப்புக் கல்லில்
தும்மல் வராமலே நிற்கிறார்.
சுற்றிலும் இன்னும் இருபது பேர்,
எல்லாரும் நான் எடுத்தவர்கள்.
யார் எடுத்தது என்று எங்கும் இல்லை.

ஞாயிறுதோறும் போய்
முகம் முகமாகத் துடைக்கிறேன்,
லென்சுக்கு வைத்திருந்த துணியால்.
ஜும்பேரின் மூக்கை மட்டும்
கொஞ்சம் பார்த்து.