ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர்

இருபது பென்ஸ் நாணயத்தை
டயரின் பள்ளத்தில் செருகிப் பார்ப்போம்.
நாணயத்தின் விளிம்புப் பட்டை உள்ளே மறைந்தால்
போகலாம்.
வெளியே தெரிந்தால்
சட்டம்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை,
ஃப்ரேசர்பரோ துறைமுகத்தில்
மீன்சந்தைக்குப் பின்புறம்,
கெல்வின் நோபுளின் வெள்ளை வேனில்
பட்டை தெரிந்தது.

"மாசக் கடைசி, மோராக்" என்றான்.
சீருடையில் குத்தியிருந்த எண்ணைப் பார்க்காமல்
பெயரைச் சொன்னான்.
அவன் அம்மாவும் நானும்
சனிக்கிழமை ஒரே வரிசையில் நின்று
ரொட்டி வாங்குகிறவர்கள்.
அடுத்த வெள்ளிக்குள் மாற்றிவிடு என்றேன்.
எதையும் பதியவில்லை.

ஒரு பெட்டி ஹேடக் மீனை நீட்டினான்.
வேண்டாம் என்றேன், கறாராக.
அந்த மீனை மறுத்ததற்காக
அன்றிரவு என்னை நானே மெச்சிக்கொண்டது
இப்போதும் நினைவிருக்கிறது.

*

காவலர் பள்ளியில் இதற்கு அரை நாள் வகுப்பு.
தொப்பியைக் கழற்று.
பெயரைக் கேட்டு உறுதி செய்.
உட்காரச் சொல்.
பிறகு சொல்.
காலமானார், கூடாது.
தவறிவிட்டார், கூடாது.
நம்மை விட்டுப் போய்விட்டார், கூடவே கூடாது:
போனவர் வருவார் என்று
காது நம்பிவிடும்.
சொல்லுக்குப் பஞ்சு சுற்றாதே.

ஜூன். விடிகாலை நாலு பத்து.
வடக்கே இந்த மாதத்தில் இருட்டு முழுதாய் வருவதே இல்லை,
ஒளிந்துகொள்ள.
நான் தட்டுமுன் கதவு திறந்தது.
மீன் ஆலையின் முதல் ஷிப்டுக்குக் கிளம்பி
வெள்ளை ரப்பர் பூட்ஸில் நின்றாள்.

"நீங்கள் ஐல்சா நோபுள்தானே?"
இருபது வருடமாய்த் தெரிந்தவளிடம் கேட்டேன்.
"இது என்ன கேள்வி" என்று சிரித்தாள்.
பிறகு என் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள்.

சொன்னேன்.
இறந்துவிட்டான் என்றே சொன்னேன்.

கெட்டில் கொதித்துத் தானே அணைந்தது.
ஒரு பூட்ஸைக் கழற்றினாள்.
மற்றதைக் கழற்றவில்லை.

"பெல்ட் போட்டிருந்தானா?"
போட்டிருந்தான்.
"குடித்திருந்தானா?"
அப்படித் தெரியவில்லை.
"டயரை மாற்றினானா?"

விசாரணை நடக்கிறது, இப்போது சொல்ல இயலாது:
இந்த வாக்கியத்துக்கும் பயிற்சி உண்டு,
பொய்யும் இல்லை,
அளவெடுக்கும் குழு அபர்டீனிலிருந்து
இன்னும் வந்து சேரவில்லை.
ஆனால் மழையில், சரிவில், டார்ச் வெளிச்சத்தில்
பின் இடச் சக்கரத்தைப் பார்த்திருந்தேன்.
கூழாங்கல் மாதிரி வழவழவென்று.

"மாற்றவில்லை" என்றேன்.
"மார்ச்சிலும் பார்த்தேன்."

"தெரியும்.
மோராக் நல்லவள், விட்டுவிட்டாள் என்று
வீட்டுக்கு வந்து சொன்னான்."

திட்டினாளா, நன்றி சொன்னாளா,
வெறுமனே அவன் பேச்சை
இன்னொரு முறை கேட்டுக்கொண்டாளா,
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

*

வாக்குமூலத்தில் மார்ச்சை எழுதினேன்.
சார்ஜென்ட் ஸ்ட்ரூவன் இரண்டு முறை படித்தார்.
"இதை யாரும் உன்னைக் கேட்கவில்லையே?"
கேட்கவில்லை.
"பதிவிலும் இல்லையே?"
அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.

ஆறு வாரம் மேசை வேலை.
ரொட்டி வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்கள்
இப்போது ஒரு கை தூரம் தள்ளி நிற்கிறார்கள்.
ஐல்சா கடையை மாற்றிவிட்டாள்.
ஒரே ஒருவர், முன்பு என்னோடு பேசவே பேசாத படகுக்காரர்,
தலையசைத்தார்.
அதை வைத்து நான் எதையும் கட்டிக்கொள்ளவில்லை.

நேற்று கலங்கரை விளக்கம் பக்கம்
ஒரு சிவப்பு கோர்சா.
நாணயத்தைச் செருகினேன்.
பட்டை தெரிந்தது.
பையனுக்குப் பத்தொன்பது இருக்கும்.
அவன் அக்காவோடு நான் பள்ளியில் படித்தவள்.
"மோராக்," என்றான்,
"நம்ம ஊர்தானே."

ஆமாம், நம்ம ஊர்தான்.

மழைத்துளி விழுந்த திரை
என் விரலை ஏற்கவில்லை.
சட்டைக் கையால் துடைத்துவிட்டு
மறுபடியும் அழுத்தினேன்.