நூற்றுக்கு ஐந்து

வீராணத்துக் கொட்டகையைச் சுற்றிச்
சாக்கு நனைத்துத் தொங்கவிட்டும்
பங்குனி உள்ளே வந்துவிடுகிறது.
சேர்வராயன் எதிரில்தான் நிற்கிறது,
மேகத்தைப் போர்த்திக்கொண்டு,
எனக்கென்ன என்று.

வெறும் வைக்கோல் தின்ற சிப்பிக்காளான்
மெலிந்த காதுகளாய் முளைத்தது.
ஐந்து ரோடு ஓட்டல்காரர்
ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"அந்தப் பக்கம் தெரியுதேம்மா."
கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்தார்.

அதனால்தான் தீனி.
கொள்ளு மாவு, தவிடு,
சேகோ ஆலையிலிருந்து சடையன் கட்டிவரும்
மரவள்ளித் திப்பி.
அவன் மொபெட்டுக்கு முன்னே
புளித்த வாசம் வந்து நிற்கும்.

மூன்று மூன்று பைகளாகப் பிரித்து
மகளின் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்:
இரண்டு. ஐந்து. பத்து.
எல்லாம் நூற்றுக்கு.
ஐந்தில் மட்டும் கை நின்றது.
கொட்டகைக்கு வாங்கிய கடனும் நூற்றுக்கு ஐந்து,
மாதா மாதம்.
அதுவும் இருட்டில்தான் வளர்கிறது,
தண்ணீர்கூடத் தெளிக்க வேண்டாம்.

மாதம்மாளிடம் தராசு செல்லாது.
கல்யாணப் பந்தியில் பரிமாறிப் பழகிய கை.
"பத்து வச்சாத்தானே பத்தும்" என்றாள்.

ஆறாம் நாள்
மகளுக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப்
பத்துப் பைக்குள் செருகினேன்.
நூற்றிரண்டு.
மாதம்மாள் பையைத் தொட்டுப் பார்த்துக்
கையை எடுத்துக்கொண்டாள்.
ஒன்பதாம் நாள் மூன்றிலும் பச்சை.
ஊரெல்லாம் பச்சைக்கு ஏங்குகிற கோடையில்
மூக்கைப் பொத்திக்கொண்டு
குழி தோண்டினோம்.
பந்தி விரித்தது நான்தான்.
அழைக்காதவர்கள் முதலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நோட்டில் மிச்சம் இவ்வளவு:
வெறும் வைக்கோல், பைக்கு அறுநூறு கிராம்.
இரண்டு, எழுநூற்று எண்பது, மூன்று பையும் ஒன்றுபோல.
ஐந்தில் ஒன்று தொள்ளாயிரத்து நாற்பது,
ஒன்று எழுநூறு,
ஒன்று குழியில்.

அந்தத் தொள்ளாயிரத்து நாற்பதை
இரவு எழுந்து போய்ப் பார்த்தேன்.
விளிம்பு சுருளாமல், சாம்பல் மினுக்கத்தில்,
விரலால் சுண்டினால் தோல்போல அதிர்ந்தது.
அப்படி ஒன்று காய்த்தால்
பச்சையான பை மறந்துபோகிறது.
வட்டிக்காரர்களுக்கு இது தெரியும்.

ஓட்டல்காரர் மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார்.
எதுவும் தெரியவில்லை.
பழைய விலையே கொடுத்தார்,
கூட்டித் தருவாரென்று
நான் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

இன்று புதுப் பைகள்.
மூன்று என்று எழுதி
நிறுத்துக் கொட்டினேன்.
தொட்டியில் கை கழுவத் திரும்பியபோது
மாதம்மாள் ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.
நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

பேனாவை எடுத்து,
மூன்றுக்குப் பக்கத்தில்
அரை என்று சேர்த்துக்கொண்டேன்.