இருநூற்று ஐம்பத்தைந்து பைட்

மாசன் லேக்ஸில் ஜூலை மாதம்.
ஐந்தரைக்கே ஏரி இருட்டிவிட்டது.
இரண்டாம் மாடியில் நானும்
சூடேறாத ஹீட்டரும்.
ஆறு வருடக் கமிட்களைத்
திட்டப் பலகையின் தரவுதளத்தில்
கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னாள் பிரான்வென்.
யார், என்றைக்கு, எந்த டிக்கெட்டுக்கு.
வெள்ளிக்கிழமைக்குள் வரைபடம் வேண்டும்,
சம்பளப் பேச்சுக்கு முன்.

முதலில் நேரம் பிசகியது.
பலகைக்கு அரை மணி தெரியாது,
எல்லாவற்றையும் முழு மணிக்கு வெட்டியது.
அடிலெய்டுக்கு ஒன்பதரை, திருமங்கலத்துக்கு ஐந்தரை.
இரண்டு ஊரிலும் அரையோடு குடித்தனம் நடத்தியவன் நான்,
அதைச் சரிசெய்யப் பத்து நிமிடம்.

அப்புறம் தேதி.
ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு உண்டு:
எழுதிய நாள், சேர்த்த நாள்.
பலகையில் இருப்பதோ ஒரே கட்டம்.
சேர்த்த நாள் போதுமே என்றாள் பிரான்வென்.
போதுமென்றால்,
மூன்று வாரம் தயாளினி இரவிரவாய் எழுதியதெல்லாம்
நான் ரீபேஸ் செய்த ஒரு செவ்வாய்க்கிழமை
மதியம் இரண்டு பத்துக்கு,
சாப்பாட்டுக்குப் பிறகு,
ஒரே நிமிடத்தில் நடந்து முடிந்தது.

ஏழாயிரத்து முந்நூற்றுப் பதினாறாம் வரி.
ஸ்கிரிப்ட் அங்கே நின்றது.
செய்தி நீளம்.
பதினோராயிரம் கமிட்களில் தமிழில் எழுதிய ஒன்றே ஒன்று.
கட்டத்தின் அகலம் இருநூற்று ஐம்பத்தைந்து பைட்.
ஆங்கில எழுத்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும்,
நம் ‘கு’ ஒன்றுக்கே ஆறு வேண்டும்.
வெட்டச் சொன்னேன். வெட்டியது:

‘வால்வு எண்ணில் ஒன்று கூட்டியது வேண்டுமென்றேதான். பம்புக்குப் பூஜ்யம் புரியாது. இனி இதைத் தொட �’

வேண்டாம் என்பதன் ‘வ’வுக்கு மூன்று பைட்.
இரண்டுக்குத்தான் இடமிருந்தது.

அந்த அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன்
நான் ஒருவன்தான்.
எனக்காகத்தான் எழுதியிருக்கிறாள்.
நான் படிக்கவில்லை.
அதற்கு அடுத்த கமிட் என்னுடையது:
ஒன்றைக் கழித்தேன்.
அதற்கும் அடுத்தது, மறுநாள் விடியற்காலை, அதுவும் என்னுடையது:
திரும்பக் கூட்டினேன்.
இடைப்பட்ட இரவில்
கிளேர் பக்கம் நாலு ஏக்கர் திராட்சை
கணுக்கால் தண்ணீரில் நின்றது.

ஒன்பது மணிக்கு வரைபடம் வந்தது.
என் தூண் எல்லாரையும்விட உயரம்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
பிடித்துத்தான் இருந்தது.
பிறகுதான் கணக்கைப் பிரித்தேன்.
தயாளினி பெர்த்துக்குப் போய் ஒன்றரை வருடம்.
அவள் மின்னஞ்சலுக்குப் பலகையில் ஆள் இல்லை.
ஆளில்லாத கமிட்டை
இயக்குகிறவன் பேரில் எழுது என்று
ஸ்கிரிப்டில் ஒரு விதி.
விதியை எழுதியவனும் நான்தான், மத்தியானம்,
பிழைச் செய்தி நின்றால் போதுமென்று.
எண்ணூற்று நாற்பத்திரண்டு.

போனவர்களைச் சேர்த்தால்
தலைக்கு மாதம் பத்தொன்பது டாலர் என்று
பிரான்வென் முன்பே சொல்லியிருந்தாள்.
அவளிடம் நாளைக்குப் பேசலாம்.
கட்டத்தை அகலமாக்கினேன்.
எழுதிய நாளுக்கு இன்னொரு கட்டம் போட்டேன்.
பெயர்ப் பட்டியலில் கையால் ஒரு வரி:
தயாளினி யோகநாதன்.
மறுபடி ஓட்டியபோது
என் தூண் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது,
ஹீட்டர் அப்போதும் சூடாகவில்லை.

கிளம்பும்முன் இதையும் கமிட் செய்தேன்,
செய்தி தமிழில்:
‘அந்த ஒன்று வேண்டுமென்றேதான். இப்போது முழுதாய்ப் படித்தேன்.’
டிக்கெட் எண் கேட்டது. இல்லை.
தினமும் காலை ஆறரைக்கு ஸ்கிரிப்ட் தானாக ஓடும்.
நாளை இதையும் எடுத்துப்போய்
பிரான்வென் பலகையில் வைக்கும்,
அவளால் படிக்க முடியாத
இரண்டாவது வரியாக.