நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

மல்லாவி நூலகத்தில் அதற்கு இலக்கம் 2164.
உரப்பையில் கட்டி வந்த நன்கொடைப் புத்தகங்களோடு வந்தது.
முதுகில் பழுப்பு டேப்.
முதல் தாளிலேயே எவனோ
நீலப் பேனையால்
கொலையாளியின் பெயரை எழுதி வைத்திருந்தான்.

அதற்குப் பிறகும் அறுபத்தொரு பேர் இரவல் எடுத்தார்கள்.

கதை இவ்வளவுதான்.
கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலை முதலாளி,
இரவுப் பாலில் நஞ்சு,
மூன்று பிள்ளைகள், ஒரு உயில்,
ஏமாற்றப்பட்ட தமையனின் மகன்
இருபத்திரண்டு வருடமாய்
அதே வீட்டில் கணக்குப்பிள்ளை.

நொத்தாரிசு கந்தோரில் எழுதுகிற பரஞ்சோதியர்
புத்தகத்தை மேசையில் போட்டார்.
"மூத்த மகளைச் சந்தேகப்படுறதே பிழை, பிள்ளை.
சீதனம் வாங்கிப் போனவளுக்கு முதிசத்தில பங்கில்லை.
அவள் ஏன் கொல்லுறாள்?"
கோயம்புத்தூரில் தேசவழமை இல்லை ஐயா, என்றேன்.
"அதுதான் கொலை விழுந்தது."

ஆஸ்பத்திரித் தாதி தர்மிளாவுக்குக் கோபம்.
நஞ்சு குடித்தவன்
ஒன்றரைப் பக்கம் வசனம் பேசுகிறானாம்.
"எங்கட வாட்டில ஒருத்தரும்
அவ்வளவு வடிவாக் கதைச்சிட்டுச் சாகிறேல்லை."

குகதாஸ் நான்கு தரம் புதுப்பித்தான்.
லாண்ட்மாஸ்டர் இருக்கைக்குக் கீழே கிடந்த புத்தகம்,
ஐம்பதாம் பக்கத்தில் கிறீஸ் விரல்.
வவுனிக்குளத்து வாய்க்காலில் கடைசி வயல் அவனுடையது.
அதற்கு முந்தினது சித்தப்பாவுடையது.
தண்ணீர் அங்கேயே நின்றுவிடும்.
"கொன்றவன் நல்லவன்" என்றான்.
வாசல் வரை போய்த் திரும்பி வந்தான்.
"இருபத்திரண்டு வருசம் பொறுத்தவன்
இன்னும் ஒரு போகம் பொறுத்திருக்கலாம்.
கிழவனுக்கு எப்படியும் சீனி வருத்தம்."

கிணற்றுப் பங்குக்காக ஏழு வருடம் முகம் பாராத
அமிர்தநாதரும் தம்பி செபமாலையும்
ஒருவர் பின் ஒருவராய் எடுத்தார்கள்.
நாற்பத்திரண்டாம் பக்கக் கரையில் பென்சில்:
'இப்படித்தான் சில தம்பிமார்.'
அதன் கீழ் வேறு பென்சில்:
'அண்ணன்மாருக்குப் பக்கம் 90 பார்க்கவும்.'
தொண்ணூறில்:
'பார்த்தேன். கிணறு அம்மாவின்ரை.'
இருவரிடமும் நான் தண்டக் காசு வாங்கவில்லை.

பாலிநகர்க் கமலவேணி அக்கா
மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தா.
பிடிச்சதோ என்று கேட்டேன்.
"காசுக்காரர் வீட்டுச் சாவு.
ஒரு சவம். அதுக்கு இருநூற்றெண்பது பக்கம்."
பிறகு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு,
"இன்ஸ்பெக்டர் ஒன்பது தரம் வாறான்.
ஒன்பதாம் தரம்
செத்த அண்டைக்கு என்ன நிறச் சேட்டு எண்டு
கேக்கிறதுக்கு மட்டும் வாறான்.
நான் அந்தப் பக்கத்தைத்தான்
திருப்பித் திருப்பிப் படிச்சன்."

எங்கட வீட்டுக்கு வந்தவை படிவத்தோட வந்தவை,
மூண்டு இடத்தில கையெழுத்து, அவ்வளவுதான்
என்று அவ சொன்னாவா,
நான்தான் நினைத்தேனா, நினைவில்லை.
வெளியே வெயில். குடையை விரித்துக்கொண்டு போனா.

மார்கழியில் இருப்பெடுப்பு.
பக்கங்களில் உள்ள கிறுக்கல்கள் அழிக்கப்பட வேண்டும்
என்பது பிரதேச சபையின் சுற்றறிக்கை.
கொலையாளியின் பெயர் பேனை, அழியாது.
கிறீஸும் அழியாது.
கிணறு இன்னும் தீராத வழக்கு, விட்டேன்.
நூற்றுப் பதினெட்டில்,
இன்ஸ்பெக்டரின் கேள்விக்கும்
கணக்குப்பிள்ளையின் பதிலுக்கும் நடுவே,
தாள் குழிய எழுதிய சின்ன எழுத்து:
'கத்தரிப்பூ நிறம். இடதுபக்கப் பை கிழிஞ்சது.
நான் தைச்சுக் குடுத்தது. வெள்ளை நூல்.'

அழிறப்பரை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

தை மாதம், உயர்தரம் படிக்கிற கஜீபன்
முகத்தைச் சுளித்தபடி வந்தான்.
"கதை பரவாயில்லை அக்கா.
ஆனா நூற்றுப் பதினெட்டில ஆரோ
நல்ல தடயம் ஒண்டு எழுதி வச்சிருக்கினம்.
நான் கடைசி மட்டும் தேடினன்.
அந்தச் சேட்டை ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை.
இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கோ?"