மைனஸ் எண்பது

ஞாயிறு போய்த் திங்கள் விடியாத மூன்றேகால் மணி.
கைப்பேசி அலறியது:
மூன்றாம் தளம், இரண்டாம் உறைபெட்டி,
மைனஸ் அறுபத்தொன்று.
ஏறிக்கொண்டிருக்கிறது.

இரவு உடைக்குமேல் கோட்டு,
இடது காலில் காலுறை இல்லாமலே பூட்ஸ்.
தார்த்து நகரம் பனிக்குள் கிடந்தது,
ஆறு கல்லாகி இருபது நாளாயிற்று.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
மூச்சு முள்ளாகி மூக்கில் குத்துகிறது,
இந்தக் குளிர் போதாதென்று
ஓடுகிறாள் ஒரு பைத்தியக்காரி.

காவலர் கென்னாதி கதவைத் திறந்தார்.
"யாராவது செத்துப்போனார்களா, ஹெல்வே?"
"இன்னும் இல்லை" என்றேன்.

பெட்டி முனகிக்கொண்டிருந்தது,
பல்வலிக்காரனைப் போல.
உள்ளே ஐந்து தட்டு.
பக்கத்துப் பெட்டியில் இடம் இரண்டு தட்டுக்கு.
பேராசிரியர் ஊர்மாஸ் லிஸ்பனில், மாநாட்டில்;
தொலைபேசியை அணைத்துவிட்டுத் தூங்குகிறார்.
உலர்பனி செவ்வாய்தான் வரும்.

என்ன எங்கே இருக்கிறதென்று எழுதுங்கள், எழுதுங்கள் என்று
பதினோரு வருடமாகக் கடிதம் அனுப்புகிறேன்.
எழுதியிருக்கிறார்கள், குழாய்களின் தலையில்:
முக்கியம்.
மிக முக்கியம்.
தூக்கிப் போடாதே!!
பெயர் இல்லை, தேதி இல்லை.
காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு;
கூட்டைப் பெருக்குகிறவளுக்கு
எல்லாம் ஒரே நிறத்தில் கறுப்பு.

எண்பத்தாறில் சேர்ந்தபோது
பிப்பெட் முனைகளைக் கழுவி, வேகவைத்து,
அடுப்பில் உலர்த்தி மறுபடி மாட்டுவோம்.
நொதியை நாங்களே காய்ச்சி எடுப்போம்.
பிறகு எல்லை திறந்தது.
ஹெல்சிங்கியிலிருந்து ஒரு நொதிக் குப்பி
தெர்மாஸ் குடுவைக்குள் கப்பலேறி வந்தது,
காபி வாசனையோடு.
ஈஸ்ட்டில் ஒரு மரபணுவின் பின்னால் ஒன்பது வருடம் போனேன்.
கட்டுரையை மூன்றாம் முறை திருத்திக்கொண்டிருந்த மார்ச்சில்
அதே மரபணு வேறு பெயரில்
வேறு ஊர்க்காரர்களின் கட்டுரையாக அச்சில் வந்தது.
அவர்களுடைய படங்கள் என்னுடையவற்றைவிடத் தெளிவு.
அந்தக் கோடையில்
கையுறைப் பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன்.
யாரும் சொல்லவில்லை. யாராவது போட வேண்டியிருந்தது.

இப்போது
சுழலியில் எடை சரியாக வைக்காவிட்டால்
மாடிப்படியிலேயே எனக்குக் காது வலிக்கும்.

சரி. முதலில் லீஸின் இரத்தம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்;
சிலர் இப்போது இல்லை,
இன்னொரு துளி கேட்க முடியாது.
அடுத்து பிரீதிக்கின் திசுக்கள்.
ஜூனில் ஆய்வேடு கொடுக்கப்போகும் பையன்,
நாலு வருடத்தில் தலையில் பாதி முடி போய்விட்டது.
ஆர்என்ஏ பொறுக்காது. கண்ணாடி மாதிரி,
ஒரு சுடுசொல்லுக்கே உடையும்.
டிஎன்ஏ பொறுத்துக்கொள்ளும்.

பொறுத்துக்கொள்ளும் என்று சொன்ன பிறகுதான்
ஜன்னலைப் பார்த்தேன்.
மேல்மாடம். முழங்கால் அளவு பனி.
"கென்னாதி, அந்த மண்வெட்டி எங்கே?"

மூன்று தட்டுகளைப் பனியில் புதைத்தோம்,
திருடர்களைப் போலக் கிசுகிசுத்துக்கொண்டு.
சுற்றுலாப் பெட்டியின் மூடியை மேலே கவிழ்த்து
அதன்மேல் ஒரு நாற்காலி.
நாற்காலியில் கென்னாதி,
நரி வந்தால் விரட்ட.

கடைசித் தட்டின் மூலையில் நீல ஒட்டுநாடா.
தொண்ணூற்றேழு. என் கையெழுத்து,
இன்னும் கொஞ்சம் உருண்டையாக.
எங்கே வைப்பதென்று தீர்மானிக்காமல்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் பிரீதிக் வந்தான்.
"மேல்மாடக் கதவை யார் திறந்து வைத்தது,
நடுங்குகிறது" என்றான்.
"வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல்" என்றேன்.
சரி என்றான். எழுதமாட்டான்.

மாலையில் சாவி தேடும்போது விரலில் தட்டியது.
உருகியிருந்தது. ஒரு சொட்டு, நிறமில்லை.
சுண்டிவிட்டு
வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.
குளிர்பெட்டியின் கதவில்
கடுகுக் குப்பிக்கும் முட்டைக்கும் நடுவே
நிற்க வைத்தேன்.
பிறகு காலுறையைத் தேடினேன், இடது காலுக்கு.