ஈயாடிய முகம்

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
இருபது நிமிஷம் எனக்கு வியாபாரம்.
எண்ணெய் டேங்கர்கள் முழுசாய் ஊர்ந்து முடிகிறவரை
நாலு இட்லி, ஒரு வடை, கெட்டிச் சட்னி.

தேசம்மாவின் செவலையும் அப்போதுதான் வரும்
தண்டவாளத்தோரப் புல்லை முடித்துக்கொண்டு.
தனியாக வராது.
கண்ணோரம் ஒரு கூட்டம்,
வால் எட்டாத தோள்பட்டையில்
தலைகீழாய்க் குந்திய சின்னக் கறுப்பு ஈக்கள்.
அவை மாட்டை விட்டு எங்கும் போவதில்லை.
அது வாலைத் தூக்கினால் மட்டும் இறங்கும்,
சாணியின் ஆவி அடங்குமுன் முட்டையிட்டு
ஓடுகிற பஸ்ஸைப் பிடிப்பவன் மாதிரி
மறுபடி முதுகில் தொற்றிக்கொள்ளும்.
இட்லி வேகிற நேரத்தில்
வேறு என்னத்தைப் பார்ப்பது?

மற்றது வேறு ஜாதி ஈ.
சாணியிலும் உட்காரும், சட்னியிலும் உட்காரும்.
ஒரு திங்கட்கிழமை
ஸ்கூட்டரில் வந்தவர் தட்டை என் முன்னால் கவிழ்த்தார்.
க்யூவில் பத்துப் பேர்.

அன்று ராத்திரி போன் செய்தேன்.
பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள்.
புகார் எண் மட்டும் வந்தது.

புதன் விடிகாலை வண்டி வந்தது.
நாலு பேர், ரெண்டு கயிறு, ஒரு சாய்வுப் பலகை.
செவலை முன்கால் ஊன்றி மறுத்தபோது
ஈக்கள் ஒரு துணியை உதறியதுபோல் எழுந்து
அதே இடத்தில் அமர்ந்தன.
கறுப்பு ஈக்கள் கூடவே ஏறிப் போயின,
பெரம்பூர்த் தொழுவம் வரைக்கும்.

கழுநீர் வாளியோடு வந்தவள்
வெறும் கயிற்று முளையைப் பார்த்து நின்றாள்.
"பாவம்பா, மூஞ்சில ஈயாடல பாரு"
என்றான் எத்திராஜ்.

பொய்.
நான் பார்த்தேன்.
வாளி விளிம்பில் ஆடின, உதட்டோரம் ஆடின,
மூக்குத்தியில் ஒன்று இறங்கி இறங்கி ஏறியது.
விரட்டவில்லை.
வால் இல்லாத பிறவி மாதிரி நின்றாள்.

"எவன் போன் பண்ணான்னு தெரியுமா, நைனா?"

நான் வடைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
நல்லவேளை, கூட்ஸ் வந்தது.
ஐம்பத்தெட்டு வேகன்.
இதற்கு முன் எண்ணியதில்லை.

அபராதத்துக்குக் கம்மலை வைத்தாளாம்.
போதவில்லையாம்.
தீவனச் செலவு வேறு நாளுக்கு நாள் ஏறுகிறதாம்.
அவள் சொல்லவில்லை, எத்திராஜ்தான்.
"உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று
எனக்கு ஒரு செய்தி வந்தது,
நட்சத்திரம் போடச் சொல்லி.

சட்னியில் இன்னும் ஈ விழுகிறது.

முந்தாநாள் மழை விட்ட வெயிலில்
கேட்டோரம் காய்ந்து கிடந்த கடைசிச் சாணி
மேல் ஓடு வெடித்து
உள்ளேயிருந்து புதுசாய், கறுப்பாய்,
இறக்கை ஒட்டிய ஈக்கள் வந்தன.
எல்லாம் ஒரு முதுகைத் தேடி
கொஞ்ச நேரம் சுற்றின.

"அண்ணே, தோள்ல எதோ ஈ" என்றது
பள்ளிக்கூடப் பெண் ஒன்று.
தட்டப் பார்த்தேன்.
கை எட்டவில்லை.