தட்டிக் கேட்டல்

எங்கள் பேட்டைக்குப் பெயரே சூப்பு ஊர்.
தார்த்து நகரில், ஆற்றை ஒட்டி,
பட்டாணித் தெரு, அவரைத் தெரு.
நாங்கள் இருப்பது உருளைக்கிழங்குத் தெரு.
மரவீடு. நடந்தால் முனகும் தரை.
நான்கு வீடு தள்ளி ஒரு கொட்டகையில்
வைகே சூளை வைத்திருக்கிறாள்.
அவளிடம் ஆறு தட்டு வாங்கினேன்,
பனிக்கால டயருக்கென்று எடுத்துவைத்த காசில்.
உர்மாஸ் ஒன்றும் சொல்லவில்லை.
பழைய டயரை மட்டும்
ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

ஆறும் வெள்ளை. ஆறும் வேறு வேறு வெள்ளை.
ஒன்று மோர், ஒன்று சுண்ணாம்பு,
ஒன்றின் விளிம்பில் வைகேயின் கட்டைவிரல் பள்ளம்,
என் விரலும் அதில் சரியாக உட்காரும்.
ஒன்று சற்றே கோணல்:
அதில் எதை ஊற்றினாலும்
சன்னல் பக்கம் சாய்ந்தே நிற்கும்.
விளக்கில் பிடித்தால்
பின்னால் இருக்கும் விரல்கள் தெரியும்.
பயப்படாதே, தினமும் சாப்பிடு என்றாள்,
அலமாரியில் பூட்டிவைத்தாய் என்று கேள்விப்பட்டால்
வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

பழகப் பழகத்தான் தெரிந்தது.
அடியில் மெருகு கிடையாது,
பூனை நாக்குபோலச் சொரசொரப்பு.
மேலே இருப்பது கீழே இருப்பதைக் கீறும்.
பழைய பிளானல் சட்டையை ஆறாக வெட்டி
இடையிடையே போட்டேன்.
ஆறு தட்டுக்கு இடைவெளி ஐந்துதான் என்பது
வெட்டி முடித்த பிறகே உறைத்தது.

கத்தி இழுத்த சாம்பல் கோடுகளை
விரிசல் என்று நினைத்து ஓர் இரவு தூங்கவில்லை.
அது கத்தி விட்டுப்போன இரும்பு.
சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போய்விடும்.

கழுவும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுவேன்.
தொட்டிக்குள் துண்டு விரிப்பேன்.
முகத்தைப் போலவே பாதத்தையும் கழுவுவேன்,
பீட்ரூட் சாறு மேலே ஒட்டாது, அடியில் ஒட்டும்.
பேருந்துப் பணிமனைக்காரன் உர்மாஸ் சிரிப்பான்:
நாங்கள் சக்கரத்தைக்கூட இப்படிக் கழுவுவதில்லை.

ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
வடக்குச் சுவரோரச் சரக்கறையில்
வெண்ணெய், புளித்த முட்டைக்கோஸ், தட்டுகள்,
எல்லாமே விறைத்துக் கிடக்கும்.
எடுத்தவுடன் வெதுவெதுப்பான நீரில் காட்டு,
அப்புறம் சூட்டை ஊற்று.
நூறு தடவை சொல்லியிருப்பேன்.
நூறு தடவை சொன்னது எந்தக் காதில் விழும்?

வோருவில் தங்கை வீட்டுக்குப் போய்
நான்கு நாள் கழித்துத் திரும்பினேன்.
தட்டுகள் கழுவி அடுக்கியிருந்தன,
துணிகூட இடையிடையே, ஒழுங்காக.
அந்த ஒழுங்குதான் இடித்தது.

விரல் கணுவால் ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
மணி. மணி.
மணி, மணி, மணி.
கோணல் தட்டு மட்டும்
டொக்.
தொண்டை கட்டியவன் தன் பெயரைச் சொல்வதுபோல.
விளக்கில் பிடித்தேன்:
விளிம்பிலிருந்து நடுவரை
ஒற்றைத் தலைமுடியின் நிழல்.

தட்டைத் தட்டியது போதாது,
ஆளையும் தட்டிக் கேட்டுவிடுவது என்று எழுந்தேன்.
அவன் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தான்.
மண்வாரி தரையை உரசும் சத்தம்.
கதவுப்பிடியில் ஒரு கை.
மற்றக் கை, வழக்கம்போல,
தட்டைக் கவிழ்த்துப் பார்த்தது.

மெருகில்லாத அடியில் பென்சில்.
பிரேக் பழுதை ஏட்டில் ஏற்றும்
அதே சாய்ந்த எழுத்து:
9.1. பட்டாணி சூப்பு.
கொதிநிலை.
ஓட்டுநர் தவறு.
கீழே கையெழுத்து, முழுப்பெயரில்.

கதவைத் திறந்தேன்.
காபி போடவா என்று மட்டும் கேட்டேன்.

இப்போது அதில் சூடு எதுவும் கிடையாது.
கறுப்பு ரொட்டி, உப்பு மத்தி,
வெங்காயம் உரித்த நாளில் தோல்.
ஆறாவது துணிக்கும் வேலை கிடைத்தது,
அடுக்கில் சேராமல் தனியாக அதைச் சுற்றிவைக்க.
அடியை மட்டும் கழுவுவதில்லை.
பீட்ரூட் ஏறினால் ஏறட்டும்.

சில காலைகளில்,
நான் இன்னும் எழவில்லை என்று நினைத்து
உர்மாஸ் அதை ஒருமுறை தட்டிக் கேட்கிறான்.
டொக் என்கிறது.
கொஞ்ச நேரம் கழித்து
ரொட்டி வெட்டும் சத்தம் வருகிறது.